அடி அண்ணாமலையில் வாங்காத கையெழுத்து

ஏப்ரல் 12, சனிக்கிழமை, காலை 5.10. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன், டிக்கெட் 200 ரூபாய். 61 குடும்பங்களில் 60 குடும்பங்களின் சம்மதப் படிவம் வந்துவிட்டது. ஒன்று பாக்கி. அதற்குத்தான் இந்தப் பயணம்.

ரத்தம் கொடுத்த இந்த 61 குடும்பங்களின் மரபணு வரிசையைப் படித்து, அதிலிருந்து உடம்பில் என்னென்ன புரதங்கள் உருவாகின்றன என்று யாரும் இலவசமாகத் தேடும்படி ஒரு பொதுத் தரவுத்தளம் கட்டுகிறோம். திங்கட்கிழமை வெளியீடு. பாக்கி இருந்தவர் செல்வி அக்கா. அவருடைய இரண்டு மகன்களும் ஒரே நோயில் இறந்தவர்கள். அதற்குக் காரணமான புரத மாற்றம் மற்ற 60 குடும்பங்களில் இல்லை. அது வெளியே வந்தால், எங்கோ இன்னொரு குழந்தையைப் பார்க்கும் டாக்டருக்கு விடை கிடைக்கும்.

9.50க்கு ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். ஆட்டோக்காரர் சிரித்தார். "இன்னிக்கு பவுர்ணமி சார். கிரிவலப் பாதையில வண்டி வுடமாட்டாங்க. நடங்க, புண்ணியந்தான்."

ஆறு கிலோமீட்டர், கூட்டத்தில், வெயிலில். எனக்கு வேண்டியிருந்தது புண்ணியமில்லை, நேரம்.

செல்வி அக்கா பாதையோரம் இட்லிக் கடை வைத்திருக்கிறார். "இவ்ளோ படிச்சிட்டு காலண்டர் பாக்கத் தெரியலியா தம்பி?" என்று தண்ணீர் கொடுத்தார். லேப்டாப்பில் தரவுத்தள அட்டவணையைத் திறந்து, அவர் குடும்பத்தின் வரியைக் காட்டினேன்.

"பாருங்கக்கா, உங்க பேரே இல்ல. வெறும் நம்பர்."

அவர் விரல் பக்கத்துப் பத்திகளில் நின்றது. ஊர்: அடி அண்ணாமலை. இறந்த குழந்தைகள்: 2.

"பேரு எதுக்கு? ரெண்டு புள்ளயப் பறிகொடுத்த வூடு எதுன்னு கேட்டா ஊரே கை காட்டும். பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கேன். மாப்ள வூட்டுக்காரங்க போன்ல தட்டிப் பாத்தா?"

அந்தப் பத்திகளைச் சேர்த்ததே நான்தான்.

"பசங்களால நாலு பேருக்கு உதவட்டும்னுதான் ரத்தம் குடுத்தேன். அழிச்சிட்டு வந்து காட்டு, அப்பறம் பாக்கலாம்" என்றவர், அடுத்த ஈடு ஊற்றப் போய்விட்டார்.

நீங்கள் போவதானால் பவுர்ணமியைத் தவிருங்கள். யாரிடமாவது கையெழுத்து வாங்கப் போகிறீர்கள் என்றால், அவர்கள் கண்ணால் ஒருமுறை உங்கள் வேலையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. திங்கட்கிழமை வெளியீட்டை நிறுத்துவது.
2. அந்த இரண்டு பத்திகளையும் 61 வரிகளிலிருந்தும் நீக்குவது.
3. கையெழுத்திட்ட 60 பேருக்கும் போன் செய்து, எதைக் காட்டாமல் வாங்கினேன் என்று சொல்வது.
4. திரும்ப அடி அண்ணாமலை. பார்த்துவிட்டும் அக்கா வேண்டாம் என்றால், அந்த வரியை அங்கேயே, அவர் முன்னாலேயே அழிப்பது.