அமெரிக்கக் கோச்சிடம் நான் சொன்ன ‘ஒன்றும் வேண்டாம்’

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் மனைவி இதைச் சொல்லாத நாளில்லை. அந்த வாயால் மகனின் வாய்ப்பையே கெடுக்கப் பார்த்தேன் என்பது, டென்மார்க்கின் வைலே நகரில் எங்கள் சமையலறை மேசையில் லாப்டொப்பை வைத்து அமெரிக்கக் கோச் ஒருவரோடு கதைத்த அன்றுதான் எனக்கு உறைத்தது. கதைக்கும்போது உறைக்கவில்லை. கதைத்து முடித்து, நன்றாகச் சமாளித்துவிட்டேன் என்று தேத்தண்ணி கேட்டபோதுதான் உறைத்தது.

மகனைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது, ஜிம்னாசியம் என்கிற உயர்பள்ளியில் கடைசி வருடம். பதினைந்து வயதுவரை சாதாரணப் புட்போல்தான் விளையாடினான், கோல் காப்பாளனாக. கோல் காப்பதில் பெரிய சூரன் என்று நான் புளுகமாட்டேன். ஆனால் அவன் உதைக்கிற பந்து எதிர்ப்பக்கத்துக் கோல்காரனின் தலைக்கு மேலால் போய் விழும். அதைப் பார்த்த வகுப்புத் தோழன் ஒருவன் அவனை அமெரிக்கன் புட்போல் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போனான். முட்டை மாதிரியான பந்தோடு, தலைக்கவசம் போட்டுக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளுகிற விளையாட்டு அது. அதில் கிக்கர் என்று ஒருவன் உண்டு. அவன் யார் மேலும் போய் விழத் தேவையில்லை. கூப்பிட்டால் வந்து, நட்டு வைத்த இரண்டு கம்பங்களுக்கு நடுவால் பந்தை உதைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்காரலாம். இதைக் கேட்ட பிறகுதான் மனைவிக்கு மூச்சு வந்தது.

எனக்கோ விசரே பிடித்துவிட்டது. களஞ்சியசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி முடித்து மூன்றரைக்கு வெளியே வந்தால் நேரே மைதானம்தான். மகன் உதைப்பான், நான் கம்பங்களுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்குவேன். ஃபியோர்ட் கடல் பக்கமிருந்து வருகிற காற்று ஆளையே தள்ளும். அந்தக் காற்றுக்குள்ளும் நாற்பத்தைந்து மீற்றருக்கு அப்பாலிருந்து அவன் உதைத்த பந்து நேரே நடுவால் வரும்போது, நான் இரண்டு கையையும் தூக்கிக் கத்துவேன். நாயோடு நடக்கிற டேனிஷ்காரர்கள் நின்று பார்ப்பார்கள். பார்க்கட்டுமே, நான் என்ன களவெடுத்தேனா?

கிளப்பில் எடுத்த வீடியோ ஒன்று எப்படியோ சுற்றி ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கோச்சுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, எங்களுக்கு மாலை ஆறு மணி, அவருக்கு மத்தியானம், திரையில் வந்தார். சிவந்த முகம், தொப்பி, நல்ல மனிதர். அவரிடம் ஒரேயொரு கிக்கருக்குத்தான் முழுப் புலமைப்பரிசில் இருந்தது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த ஒரு இடத்துக்கு இரண்டு பேர் என்று ஒளிக்காமல் சொன்னார். ஒருவன் எங்கள் மகன். மற்றவன் வேறொரு கல்லூரியில் ஏற்கனவே இரண்டு வருடம் ஆடி, இடம் மாற நினைக்கிற அமெரிக்கப் பெடியன்.

பிறகு தன் மனக்குறையைச் சொன்னார். முந்தி கல்லூரி விளையாட்டுக்காரர் புலமைப்பரிசிலுக்கு மேல் ஒரு சதமும் வாங்கக் கூடாதாம். இப்போது சட்டங்கள் மாறி, தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துக் காசு வாங்கலாமாம். அது பெடியளுக்கு நியாயம்தான், ஆனால் என் பாடு திண்டாட்டம் என்று சிரித்தார். பள்ளிக்கூடத்திலிருந்து புதிதாக வருகிறவனைப் பழக்கி எடுக்க இப்போது ஒருவருக்கும் பொறுமையில்லை. பழகினவனைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். பழகினவனோ எந்த ஊரில் விளம்பரக் காசு கூட என்று பார்த்து வருடத்துக்கு வருடம் மாறிவிடுகிறான். இவ்வளவையும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், உங்கள் குடும்பம் என்ன எதிர்பார்க்கிறது என்று.

இங்கேதான் என் வாய் முந்திக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேச உட்காரும்போது மாப்பிள்ளை வீட்டார் எடுத்தவுடனே இவ்வளவு வேண்டும் என்று கேட்பது மரியாதையில்லை. எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் பிள்ளைக்கு நீங்கள் விரும்பியதைச் செய்யுங்கள் என்பார்கள். பெண் வீட்டார் அதன் பொருளை விளங்கிக்கொண்டு, வீடு, காணி, நகை என்று தாங்களே தொடங்குவார்கள். ஒரு சீதனப் பேச்சும் இப்படியில்லாமல் தொடங்கி நான் கண்டதில்லை. அந்தப் பழக்கத்தில், நெஞ்சில் கை வைத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன்:

“ஐயையோ, நாங்கள் ஒண்டும் கேக்கமாட்டம். இனி அவன் உங்கட பிள்ளை. நீங்கள் பாத்துச் செய்யிறதைச் செய்யுங்கோ.”

கோச்சின் புருவம் மேலே போனது. குனிந்து எதையோ எழுதினார். அடுத்த செவ்வாய் முடிவு சொல்கிறேன் என்று விடைபெற்றார். நான் எழும்பித் தேத்தண்ணி கேட்டேன்.

“தேத்தண்ணியோ?” என்றாள் மனைவி. “என்னப்பா கதை கதைச்சனீங்கள்?”

“மரியாதைக்குச் சொன்னனான்.”

“அந்த மனுசனுக்கு உங்கட மரியாதை விளங்குமோ? ஒண்டும் வேண்டாமாம் எண்டு எழுதி வைச்சிட்டுப் போட்டார். இவனுக்கு ஆசையில்லையாக்கும் எண்டும் நினைச்சிருப்பார்.”

மகன் டேனிஷில், “அப்பா, அவர் சும்மா ஒரு கேள்விதான் கேட்டவர்” என்று சொல்லிவிட்டுப் பந்தையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் ரண்டர்ஸ் நகரில் இருக்கிற என் நண்பனுக்கு ஃபோன் எடுத்து விசயத்தைச் சொன்னேன். அவனுக்குத் தெரியாத விசயம் உலகத்தில் இல்லை. “மச்சான், உனக்கென்ன மண்டை கழண்டுட்டுதோ? அங்கை பெடியளுக்குக் கார் குடுக்கிறாங்களாம். சப்பாத்து விளம்பரத்திலை முகம் வருமாம். உடனை திருப்பி எடுத்துக் கேள்!” என்று கத்தினான். ஃபோனை வைத்த பிறகு என் கண்ணுக்கு முன்னால் மகனின் முகம் பெரிய பலகைகளில் எழும்பியது. களஞ்சியசாலையில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே மனதுக்குள் அவன் முகத்தைக் காட்டிச் சப்பாத்து, கைக்கடிகாரம், குளிர்பானம் எல்லாம் விற்றேன். ஒரு பெட்டியைப் பிழையான தட்டில் வைத்துப் பேச்சும் வாங்கினேன். அப்படியொரு சந்தோசக் காய்ச்சல்.

அந்தக் காய்ச்சலை இறக்கியவள் மனைவி. அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. எந்த மருந்துப் பெட்டியையும் இரண்டு தரம் வாசிக்காமல் திறக்கமாட்டாள். தன் இடைவேளையில் அந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு ஈமெயில் போட்டு விசாரித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்த பதிலை எனக்கு வாசித்துக் காட்டினாள்.

“மாணவர் விசாவிலை போறவை அங்கை இருந்துகொண்டு விளம்பரத்துக்கு நடிச்சுக் காசு வாங்கேலாதாம். வாங்கினால் விசாவுக்கே ஆபத்தாம்.”

நான் பெருமையோடு வேண்டாம் என்று சொன்னது எங்களுக்கு எப்படியும் கிடைக்கப்போகாத ஒன்று. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் காசு போன கவலை ஒரு நாளோடு போய்விட்டது. பயம்தான் போகவில்லை. மற்றப் பெடியனுக்கு அனுபவம் இருக்கிறது, அந்த ஊர்க் கடைக்காரர்கள் அவனைத் தங்கள் விளம்பரத்தில் போட்டு அங்கேயே பிடித்து வைக்கலாம். எங்கள் பக்கத்தில் இருந்தது உதை மட்டும்தான். மகனோ மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையில் தொடை ஆட்டிக்கொண்டிருந்தான். இந்த இடம் கிடைக்காவிட்டால் வேறு இடம் இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வேறு யாரும் கேட்டு வரவில்லை.

செவ்வாய் வந்தது. ஆறு மணிக்கு மேசையைச் சுற்றி மூன்று பேரும் இருந்தோம். மகன் தோய்த்து மடித்த சேட் போட்டிருந்தான். கோச் திரையில் தோன்றியதும் அவரை வாய் திறக்க விடாமல் நான் தொடங்கினேன்.

“சேர், போன கிழமை நான் சொன்னது எங்கட ஊர்ப் பழக்கம். வேண்டாம் எண்டு சொன்னால் வேண்டாம் எண்டு அர்த்தமில்லை. எங்களுக்கு ஆசை இருக்கு. சரியான ஆசை. காசுக்கில்லை, விசாவிலை அவனுக்கு அது முடியாது எண்டு இப்ப தெரியும். அந்த இடம் வேணும். என்ர பிள்ளைக்கு அந்த இடம் வேணும்.”

வாழ்க்கையில் நான் யாரிடமும் இப்படி வெளிப்படையாகக் கேட்டதில்லை. காது சுட்டது. கோச் தொப்பியைக் கழற்றிவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

“விசா விசயம் எனக்கு முதல் நாளே தெரியும்,” என்றார். “மற்றப் பெடியன் ஞாயிற்றுக்கிழமை, கூடக் காசு குடுக்கிற வேறை இடத்துக்குப் போயிட்டான். ஆனால் அதுக்கு முதலே நான் முடிவெடுத்திட்டன். மூண்டு வருசத்திலை மூண்டு கிக்கர்மார் என்னை விட்டிட்டுப் போயிட்டினம். உங்கட மகனைக் காசு காட்டி ஒருத்தரும் இழுக்கேலாது. நாலு வருசத்துக்கு இவனை ஆரும் எங்களிட்டையிருந்து கொண்டுபோக ஏலாது. இடம் இவனுக்குத்தான்!”

மகன் கதிரையோடு பின்னால் சரிந்து, எழும்பி, துள்ளினான். மேசைக்கு மேலே தொங்கிய விளக்கில் கை பட்டு விளக்கு ஆடியது. அவன் டேனிஷில் கத்த, நான் தமிழில் கத்த, கோச் இங்கிலீசில் கத்த, மேல் மாடிக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது. நான் மகனைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை, என்னைவிட ஒரு சாண் உயரம். எந்தச் சட்டம் எங்களுக்குக் கதவைச் சாத்தியது என்று கவலைப்பட்டேனோ, அதே சட்டத்தால் அவனுக்கு இடம் கிடைத்தது. அன்றைக்கு என்னைப்போலச் சந்தோசமான மனிதன் டென்மார்க்கில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டான்.

மனைவி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள். அவள் முகத்திலும் சிரிப்பு இருந்தது. என் சேட்டைப் பிடித்து இழுத்து, திரைக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டாள்.

“ஆரும் கொண்டுபோக ஏலாதாமோ? எங்களாலையுமோ?”

கோச் எங்கள் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு செவ்வாயும் அவரோடு ஒரு வார்த்தை பேசாத என் மனைவி கண்ணைத் துடைத்துவிட்டு, கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தாள். நிறுத்தி நிறுத்தி, தெளிவான இங்கிலீசில் அவரிடம் சொன்னாள்:

“ஓம், வாறான். காய்ச்சல் வந்தால் இவன் வாய் திறந்து சொல்லமாட்டான். நீங்கள்தான் தொட்டுப் பாக்கவேணும்.”

கோச் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.