துப்பாக்கிக் கட்டைக்கு எண்ணெய்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் ஜார்ஜ்டவுனில் என் பெயிண்ட் கடைக்கு வந்து பதில் கிடைக்காமல் திரும்பியவர் கிடையாது.

ஒருநாள் தீவின் மறுகோடியில் இருக்கும் பாலிக் புலாவிலிருந்து டுரியான் பழத்தோட்டக்காரர் ஒருவர் வந்தார். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. ஒவ்வொரு மாதிரிப் பலகையையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். குரங்கு விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த துப்பாக்கியின் மரக்கட்டைக்கு வீட்டிலேயே பூச்சு போட வேண்டுமாம்.

“லாக்கர் வார்னிஷ் அடிங்கண்ணே, ஒரு மணி நேரத்துல காஞ்சிடும் லா. எண்ணெய்னா தினம் ஒரு கோட்டுதான், பத்து நாள் இழுக்கும்.”

“எண்ணெயே குடுங்க.”

என்னிடம் வருகிற எல்லாரும் சீக்கிரம் காய்வதைத்தான் கேட்பார்கள். ஏன் என்றேன்.

“தோட்டத்த வித்தாச்சு. மாசக் கடைசியில துப்பாக்கிய போலீஸ்ல ஒப்படைக்கணும்.”

“குடுத்துடப் போற சாமானுக்கா இவ்வளவு மெனக்கெடுறீங்க?”

“வீட்டுக்காரி போனப்புறம் காலையில எந்திரிச்சா செய்ய ஒன்னுமில்லண்ணே. இப்ப தினம் ஒரு கோட்டு போடலாம்ல.”

டின்னைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பதினோராம் நாள் காலையில் என்ன செய்வீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்கு விற்க என் கடையில் ஒன்றும் இல்லை.