துவரம்பூவோடு அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்கு: மூன்று மணி பத்து நிமிடம்

இருபத்து நான்கு கிலோமீட்டர் போனதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். கையில் துவரைப் பூ இருந்தால் தேவைதான். போன மாதம், தை மாத வெள்ளிக்கிழமை ஒன்றில், அந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு மூன்று மணி பத்து நிமிடம் ஆனது. பயறு ஆராய்ச்சியில் இருக்கும் இரண்டு பேர் இதே வழியைக் கேட்டு எழுதியிருந்தார்கள். கோபம் முழுதாக ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன காரணம் இது. பூந்தமல்லியைத் தாண்டி ஆறு கிலோமீட்டரில், குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் எங்கள் துவரைச் சோதனை வயல் இருக்கிறது. வாடல் நோய் வந்த பாத்தியில் ஒரே ஒரு செடி மட்டும் சாகாமல் நின்றது. நல்ல செடி. ஆனால் விளைய ஏழு மாதம் எடுத்துக்கொள்ளும். நாலு மாதத்தில் விளையும் குட்டை ரகம் ஒன்றோடு அதைக் கலக்க வேண்டும். அந்தக் குட்டை ரகமோ, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கி வயலில் மொத்தமாக அழுகிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று அம்பத்தூரில் என் வீட்டு மாடியில் பைகளில் விதைத்த ஏழு செடிகள்தான் மிச்சம். வயல் செடியில் இருந்தது கடைசித் தொகுதி மொட்டு. அந்த வாரம் தவறினால் அடுத்த தைக்குத்தான். என் உதவித்தொகை அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும்.

வயலில் வேலை பார்க்கும் தேவகி அக்கா முந்தின நாள் மாலையே முப்பது மொட்டுகளை இடுக்கியால் பிரித்து, ஒவ்வொன்றிலும் இருந்த பத்து மகரந்தப் பைகளையும் கிள்ளி எடுத்து, சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார். காலையில் என் பூக்களின் மகரந்தத்தை அவற்றில் தடவுவது மட்டுமே பாக்கி. வெயில் ஏறிவிட்டால் பலன் குறையும். "பத்துக்குள்ள வந்துடு பாப்பா, மொட்டு காத்துகினு கீது," என்று ஆறரைக்கே போன் வந்துவிட்டது.

6:50க்கு வீட்டைவிட்டுக் கிளம்பினேன். பூங்கொத்துகளை ஈரத்துணியில் சுற்றி எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அடைத்திருந்தேன். (இதுதான் என் தவறு. பிறகு சொல்கிறேன்.) அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடிக்கு எட்டு கிலோமீட்டர், சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 7:40க்கு ஆவடி. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பத்து கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். ஆள் நிரம்பினால்தான் வண்டி எடுப்பார்கள். இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பூ எப்படியிருக்கிறது என்று பாக்ஸைத் திறந்ததை ஓட்டுநர் செல்வம் பார்த்துவிட்டார்.

"இன்னாமா, அம்மனுக்கா?"

"இல்லண்ணா, வயலுக்கு."

"வயலுக்கு எவனாச்சும் பூ எடுத்துகினு போவானா? ஒரு கொத்து குடும்மா, நம்ம வண்டில கீற அம்மனுக்கு வெச்சிட்டுக் கிளம்பிடலாம்."

கிளம்பிடலாம் என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் கொடுத்தேன். கண்ணாடிக்கு மேலே இருந்த அம்மன் படத்தின் சட்டத்தில் செருகிவிட்டு, சொன்னபடியே வண்டியை எடுத்தார். பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டியதும் நான் புத்தகத்தைப் பிரித்தேன். தலையை நிமிர்த்தியபோது கண்ணெதிரே திருவேற்காடு அம்மன் கோயில் வளைவு.

"அண்ணா, பூந்தமல்லி போகலையா?"

"தை வெள்ளி, கைல மஞ்சப் பூவு. கூச்சப்பட்டுகினு வயலுன்னு சொல்றியேன்னு நானே சுத்திகினு வந்தேன். எச்சா காசு கேக்கலம்மா, இறங்கு."

பக்கத்தில் மடிநிறையத் தைத்த ரவிக்கைகளோடு இருந்த ரஹ்மத் அக்கா பூந்தமல்லிக்காரர். "ஏன் நைனா, எனுக்கு மட்டும் கோயில்ல இன்னா வேலைன்னு கேட்டியா?" என்றார். மற்ற நான்கு பேர் சந்தோஷமாக இறங்கிப் போனார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாடல் நோய், கடைசி மொட்டு, பத்து மணி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். செல்வம் வண்டியைத் திருப்பினார். நான் பேசியதில் பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கும். பத்து மணி மட்டும் நன்றாகப் புரிந்தது.

வேலப்பன்சாவடியில் பெங்களூர் நெடுஞ்சாலையைத் தொட்டபோது மணி 8:50. அங்கிருந்து குமணன்சாவடி வரை ஊர்ந்ததைப் பற்றி எழுதினால் மறுபடி ரத்தம் கொதிக்கும். குமணன்சாவடி சந்திப்பில் வண்டி அசையாமல் நின்றபோது மீண்டும் பாக்ஸைத் திறந்தேன். மூடியின் உட்புறம் முழுக்க வியர்த்திருந்தது. இதழ்கள் கொழகொழவென்று ஒட்டிக்கிடந்தன. ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தேன். மகரந்தம் மாவுக்குப் பதில் பசையாக இருந்தது. நீர் பட்ட மகரந்தம் வெடித்துப்போகும் என்று முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான்.

ரஹ்மத் அக்காதான் விரலை நீட்டினார். "அங்க ஒண்ணு கீதே."

படத்தின் சட்டத்தில் நிழலில், காற்றாட, கொத்து அப்படியே இருந்தது. எட்டுப் பூக்கள். ஒரு பூ நாலைந்து மொட்டுக்குப் போதும்.

"அண்ணா, அதைத் திருப்பித் தருவீங்களா?"

செல்வத்தின் முகம் மாறிவிட்டது. "அம்மனுக்கு வெச்சத எப்பிடிம்மா எடுக்கறது? கேக்காத."

"கோயில்ல அய்யரு வெச்ச பூவத்தான எடுத்துக் குடுக்குறாரு, பிரசாதம்னு?" என்றார் ரஹ்மத் அக்கா. "நீயும் குடேன் நைனா. பொண்ணு அழுவுது பாரு."

சிக்னல் விழும்வரை யோசித்தார். பிறகு படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொத்தை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். நானும் இரண்டு கையாலும்தான் வாங்கினேன். அக்காவைப் பூந்தமல்லியில் இறக்கிவிட்டு, தன் வழித்தடம் இல்லாத ஆறு கிலோமீட்டரையும் ஓட்டி வந்து வயலில் விட்டார். சரியாகப் பத்து மணி. தனியாக நூறு ரூபாய் கொடுத்தேன். "காய்ச்சா ஒரு புடி பருப்பு அம்மனுக்குக் கொண்டாம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகிறவர்களுக்கு: ஈரத்துணியும் மூடிய பாத்திரமும் வேண்டாம். துளையிட்ட காகித உறை போதும், கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். முடியாதென்றால், ஏறும் முன்பே பூந்தமல்லிக்கு நேர்வழியா என்று கேளுங்கள். ஏறியபிறகு புத்தகம் படிக்காதீர்கள். குறிப்பேட்டில் மகரந்தம் சேமித்த முறை என்ற இடத்தில் நான் 'திறந்த காற்று, நிழல்' என்று எழுதினேன். உண்மைதான். மீதியை எழுத அதில் கட்டம் இல்லை.

இப்போது முப்பதில் நான்கு நூல்களில் காய் நிற்கிறது. பன்னிரண்டு, பதினைந்து விதை தேறினால் அதிகம். அதில் ஒன்றைக்கூட யாருக்கும் தர முடியாது. எல்லாவற்றையும் விதைத்தாக வேண்டும். ஒரு பிடி பருப்பு என்பது இன்னும் இரண்டு வருட வேலை. இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு வாரமாக ஆவடி ஷேர் ஆட்டோ நிறுத்தத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். நேற்று அவரே பார்த்துவிட்டார்.

"காய்ச்சுதாம்மா?"

"நாலு காய்ண்ணா. ஆனா பருப்பு கொடுக்க ரெண்டு வருஷம் ஆகும்."

"ஆவட்டுமே," என்றார். "அம்மன் இன்னா, உன்ன மாறி பத்து மணிக்குள்ள போவணுமா?"