இடப்பக்கம் இழுத்த வண்டி

சதாசிவம் பாதி நேரம் இந்த உலகத்தில் இருக்க மாட்டான். கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட ஆளை நம்பித்தான், சாஆ என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை ஒரு சங்கிலி வண்டியை ஒப்படைத்திருந்தார். முன்னால் மண் தள்ளும் இரும்புப் பலகை, சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு பக்கமும் ஓடும் இரும்புச் சங்கிலி. அதில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் அவனுக்கு முழு நினைவு வந்துவிடும். நான் அங்கே கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. துரை சொல்வதைத் தமிழிலும் தோட்டத்து ஆட்கள் சொல்வதை இங்கிலீஷிலும் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்தவன்.

முப்பத்தாறாம் வருஷம் புரட்டாசியில், ஆலையிலிருந்து புதுக்காட்டுக்குச் சடக்கு, அதாவது மண்சாலை, வெட்ட உத்தரவு வந்தது. துரை சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை வரிசையாக நட்டுக்கொண்டே போனார். ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஒரு குச்சி சின்ன மண்குவியலின் மேல் நின்றது. அதன் கீழே சதாசிவத்தின் மகள் செல்லம் இருந்தாள். நாலு வயசு. போன மழைக்காலத்தில் காய்ச்சல் முற்றி, இழுப்பு வந்து போய்விட்டாள். துரையிடம் சொல்லிப் பார்த்தேன். அது பதிவான இடுகாடு இல்லையே என்றார். அவர் கெட்டவர் இல்லை. கோடு நேராகப் போக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

அந்த வாரமே வண்டியின் சங்கிலி கழன்று விழுந்தது. ஆணிகள் தேய்ந்துபோனதால் சங்கிலி நீண்டு, பல்சக்கரத்தில் நிற்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து வேறு வண்டியும் வேறு ஆளும் வருவதாகப் பேச்சு. அப்போதுதான் சதாசிவம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"பத்து நாள் குடுங்க தொரை. நானே சரி பண்ணிடுறேன்."

அன்றைக்கே அவன் மனைவி அங்கம்மா அவனோடு பேச்சை நிறுத்தினாள். அடுப்பில் அவனுக்கென்று எதுவும் வேகவில்லை. "பெத்த புள்ள மேல வண்டி ஏத்த இம்புட்டு அவசரமா ஐயா இந்த மனுசனுக்கு?" என்று என்னிடம் வந்து கேட்டாள். எனக்கும் அவன்மேல் அதே ஆத்திரம் இருந்தது.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க நான் தினமும் போக வேண்டியிருந்தது. பனி இறங்கிய காலையில் வண்டி பாதிதான் தெரியும். ரயில்காரர்களிடம் இரவல் வாங்கிய ஜாக்கியில் அதைத் தூக்கி, கட்டைகள் மேல் நிறுத்தியிருந்தான். சங்கிலி செம்மண்ணில் நீளமாகக் கிடந்தது. ஒவ்வொரு கண்ணியையும் தீயில் வாட்டி, சம்மட்டியால் அடித்து ஆணியை வெளியே தள்ளுவான். ஆணியும் அதைச் சுற்றியிருக்கும் குழலும் ஒரு பக்கம்தான் தேயும். திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் வேலைக்கு வரும், சங்கிலியும் பழைய அளவுக்குக் குறுகும். ஒரு பக்கத்துக்கு முப்பத்தொரு ஆணிகள்.

நடுநடுவே சம்மட்டி நின்றுவிடும். குனிந்து பார்த்தால் வண்டிக்கு அடியில் மல்லாந்து, கண்ணைத் திறந்தபடி கிடப்பான். மேலே ரப்பர்க் காய் வெடிக்கும் சத்தம். "இங்க படுத்தா வண்டி தண்ணியில மெதக்கிற மாதிரி இருக்குங்க ஐயா. மேல ஒக்காந்து புள்ள காலை ஆட்டுறா. நெழல் தெரியுது" என்பான். நிழல் வாழை இலையுடையது.

எட்டாம் நாள் பார்த்தேன். இடது சங்கிலி முடிந்து மாட்டியாகிவிட்டது. வலது சங்கிலியில் ஒரு ஆணியைக்கூடத் தொடவில்லை. கழலாதபடி திருகை முறுக்கி, இறுக்கி மட்டும் மாட்டியிருந்தான்.

"என்னப்பா, அரைகுறையா விட்டுட்டே?"

கையைத் துடைத்துக்கொண்டு சுற்றும் பார்த்தான். "இடது குட்டை, வலது நீளம். ரெண்டும் ஒரே சுத்து சுத்தினாலும் நீளமானது முந்திப் போவும். வண்டி தானா இடப்பக்கம் சாயும். புள்ள வலப்பக்கம் தங்கிடுவா." பிறகு இன்னும் தணிந்த குரலில், "நானா திருப்பினா என்னை எறக்கிட்டு வேற ஆள ஏத்துவாங்க. வண்டியே திரும்பினா யாரை ஏத்துவாங்க?" என்றான்.

இவனையா கனவில் மிதக்கிறவன் என்று நினைத்தேன்!

"இதை அங்கம்மாகிட்ட சொல்லக் கூடாதா?"

"வேணாங்க. புள்ள பொழச்சுக்குவான்னு சொல்லி ஒருவாட்டி ஏமாத்திட்டேன். இதுவும் நடக்கலன்னா?"

பத்தாம் நாள் காலை வண்டி கிளம்பியது. அங்கம்மா விடியும்போதே போய் அந்தக் குவியலின்மேல் உட்கார்ந்திருந்தாள், வண்டிக்கு முதுகைக் காட்டி. துரை குச்சிகளுக்குப் பக்கத்தில் நடந்தார், நான் அவருக்குப் பின்னால். குவியலுக்கு நாற்பது அடி முன்னால் வண்டி இடப்பக்கம் ஒதுங்கத் தொடங்கியது. சதாசிவம் வண்டியைத் திருப்பும் வலப்பக்கக் கம்பியைப் பிடித்து இழுப்பதுபோல் பல்லைக் கடித்தான். நன்றாக நடித்தான். பலகை தள்ளிய மண் அங்கம்மாவின் பாதத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சரிந்து நின்றது. சடக்கு மேட்டை வளைத்துக்கொண்டு போனது.

துரை கத்தினார். வண்டி நின்றது. என்னவென்று கேட்கச் சொன்னார்.

"இழுப்புங்க ஐயா," என்றான் சதாசிவம்.

செல்லத்தைக் கொண்டுபோன நோய்க்கும் அதே பெயர்தான். வண்டி இடது பக்கம் இழுக்கிறது, சங்கிலி பழசு என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். துரை வண்டியைப் பார்த்தார், மேட்டில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், கிழக்கே கறுத்துக்கொண்டு வந்த வானத்தைப் பார்த்தார். திரும்ப வெட்ட நேரமில்லை. தானே குச்சிகளைப் பிடுங்கி வளைவோரமாக நட்டுக்கொண்டு போனார்.

அங்கம்மா எழுந்தாள். தள்ளி விழுந்த மண்ணையும், குவியலையும், இடது சங்கிலியின் புதுப் பளபளப்பையும், வலது சங்கிலியின் பழைய துருவையும் மாறி மாறிப் பார்த்தாள். வண்டிக்குப் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னாள். என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். அந்த என்ஜினை ஒரு தடவை அணைத்தால், திரும்பக் கிளப்ப அரை மணி நேரம் கைப்பிடி சுற்ற வேண்டும். துரை அப்பால் நின்று கையை ஆட்டி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

சதாசிவம் என்ஜினை அணைத்தான்.

"சாப்டீங்களான்னு கேட்டேன்," என்றாள் அங்கம்மா.

"இல்ல," என்றான்.