பாப்பிரெட்டிப்பட்டி மூன்று துப்பாக்கிப் போட்டியும் ஒரு விசிலும்

1986 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே மலையடிவாரத்தில் நடந்த மூன்று துப்பாக்கிப் போட்டிக்குப் போய்வந்தேன். ரைபிள், பிஸ்டல், இரட்டைக்குழல் துப்பாக்கி மூன்றையும் ஒரே ஓட்டத்தில் சுட வேண்டிய போட்டி அது. முதலில் வரும் ஒருவரை மட்டும் மெட்ராஸில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள். அந்த ஒருவராக வேண்டும் என்றுதான் போனேன். இயற்கைக் காட்சி, மலைக்காற்று என்றெல்லாம் சொன்னால் பொய்.

நான் கிருஷ்ணகிரியில் டெலிபோன் ஆபரேட்டர். நாள் முழுக்க அடுத்தவர்களின் பேச்சை இணைத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் விடுதி அறைக்குத் திரும்பினால் எனக்கென்று ஒரு பேச்சும் இருக்காது. கல்லூரியில் என்.சி.சி.யில் ரைபிள் பழகியிருந்தேன். சுடும் இடத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பேச ஆளில்லை என்பது அங்கே ஒரு குறையாகத் தெரியாது.

காலை ஐந்தரைக்கு கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினேன். தர்மபுரி நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஏழு மணிக்குள் இறங்கி, பஸ் நிலையத்தில் இட்லி சாப்பிட்டு, பொம்மிடி வழியாகப் போகும் பாப்பிரெட்டிப்பட்டி வண்டியைப் பிடித்தேன். அது சுமார் நாற்பது கிலோமீட்டர். இரண்டு டிக்கெட்டும் சேர்த்து பத்து ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. கண்டக்டர் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தடித்த ஜாக்கெட்டைப் பார்த்தார்.

“மலை ஸ்கூலுக்கா டீச்சர்?”

“இல்லைங்க. துப்பாக்கிப் போட்டிக்கு.”

“பாக்கறதுக்கா?”

“சுடறதுக்கு.”

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். “அப்ப சில்லறை பாக்கிய இப்பவே குடுத்துர்றேனுங்க” என்றார். பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஊரிலிருந்து போட்டி நடக்கும் இடம் மூன்று கிலோமீட்டர். நடந்தே போகலாம். வற்றிய ஏரிக்குள், நடத்துகிறவர்களே தரும் துப்பாக்கிகளோடு மூன்று மேசைகள், எதிரே உயரமான மண்மேடு, அதன் முன்னால் இரும்புத் தகடுகள். மேசைகளின் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். இடது கோட்டுக்கு அப்பால், தள்ளி ஒரு புளியமரம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதனடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

விதிகளைச் சொல்லிவிடுகிறேன். போக நினைப்பவர்களுக்கு இதுதான் முக்கியம். துப்பாக்கி எப்போதும் மண்மேட்டையே பார்க்க வேண்டும். குறி வைக்கும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. ஒன்றைச் சுட்டு முடித்ததும், திறந்து, காலி என்று காட்டி, மேசையில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். திறந்து பார்க்காதவரை எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகத்தான் கணக்கு. குழல் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினால் போட்டியிலிருந்து வெளியே. முதல் முறை, இரண்டாம் முறை என்ற பேச்சே இல்லை. இதைக் கவனிக்க ஆள் போதாததால் போட்டியாளர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒருவர் சுடும்போது மற்றவர் கையில் விசிலோடு பின்னால் நிற்க வேண்டும். நடுவரின் கண் தகடுகள் மேல் இருக்கும். பின்னால் நிற்பவரின் கண் துப்பாக்கி மேல்.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ஜோடியாக வந்தவர் சவரிமுத்து. பாப்பாரப்பட்டிப் பக்கம் விவசாயம். காட்டுப்பன்றியிடமிருந்து கடலையைக் காக்க லைசென்ஸ் வாங்கிய தன் இரட்டைக்குழலையே கொண்டுவந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வந்திருந்த பதினெட்டுப் பேரில் நான் ஒருத்திதான் பெண். மற்றவர்கள் எனக்கு வழி விட்டார்கள், நாற்காலி கொடுத்தார்கள், பேசவில்லை. இவர் மட்டும், “பின்னால நிக்கறப்ப தூங்கிராதீங்கம்மா, நான் கொஞ்சம் மெதுவாத்தான் சுடுவேன்” என்றார். மெதுவாகத்தான் சுட்டார். ஒரு தகடும் தப்பவில்லை. முதல் சுற்றில் அவர் முதலிடம், நான்கு புள்ளி குறைவாக நான் இரண்டாவது. மூன்றாவது ஆள் எங்கோ பின்னால்.

அந்தச் சுற்றில், ரைபிளை எடுக்கும் முன் அவர் அதைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏர் பூட்டும்போதும் வண்டியை எடுக்கும்போதும் நம் ஆட்கள் செய்வதுதான். துப்பாக்கி மேசையிலேயே இருந்ததால் அதில் குற்றமில்லை.

மதியம் அவர் மனைவி ஆரோக்கியமேரி என்னைப் புளியமரத்தடிக்குக் கூப்பிட்டார். ராகிக் களியும் கீரைக் குழம்பும். நான் களியை மென்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார்.

“ஐயோ, மெல்லாதீங்க. அப்படியே முழுங்கணும். கிருஷ்ணகிரில களியே இல்லீங்களா?”

“விடுதியில போட மாட்டாங்கக்கா.”

“வூட்டுல யாரு இருக்காங்க?”

“யாருமில்லை.”

அவர் இன்னொரு உருண்டை வைத்தார். சவரிமுத்து, “மெட்ராசுக்கு நான் போனா இவளையும் கூட்டிட்டுப் போவணுமாம். கடல் பாக்கணுமாம். நீங்க போனா நீங்களே கூட்டிட்டுப் போயிருங்க, எனக்குச் செலவு மிச்சம்” என்றார். “சுட்டு முடிங்க மொதல்ல” என்றார் அந்த அக்கா. அந்த மர நிழலில் முக்கால் மணி நேரம் இருந்திருப்பேன். ஒரு மாதத்தில் நான் பேசியதைவிட அதிகம் பேசினேன்.

இரண்டாம் சுற்றில் முதலில் அவர். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். ரைபிள் முடிந்தது, காலி. பிஸ்டல் முடிந்தது, காலி. கடைசியாக அவருடைய இரட்டைக்குழல். இரண்டு வெடி, இரண்டு தகடும் விழுந்தன. நடுவர் தகடுகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டோம் என்று சவரிமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. துப்பாக்கியைத் திறக்காமலே இரண்டு கையாலும் குறுக்காகத் தூக்கி, கோயில் பிரசாதம் போல ஒரு கண், மறு கண் என்று ஒற்றிக்கொண்டார். குழல் இடது கோட்டைத் தாண்டிப் புளியமரத்தைப் பார்த்தது.

நான் ஊதினேன்.

யோசித்து ஊதினேன் என்று சொல்ல முடியாது. சத்தம் கேட்ட பிறகுதான் யோசனை வந்தது: வேறு யாரும் பார்க்கவில்லை, இவர் வெளியே போனால் நான்தான் முதல்.

நடுவர் வந்து துப்பாக்கியைத் திறந்தார். இரண்டும் வெடித்த தோட்டாக்கள். “காலித் துப்பாக்கிதானே” என்று யாரோ சொன்னார்கள். “இரண்டாவது இருக்கறவங்க கையில விசிலக் குடுத்தா வேற என்ன பண்ணுவாங்க?” என்றார் இன்னொருவர், எனக்குக் கேட்கும்படியாகவே.

“கோட்டத் தாண்டுச்சுங்களா?” என்று நடுவர் கேட்டார்.

“தாண்டுச்சு” என்றேன்.

சவரிமுத்து மறுக்கவில்லை. “கண்ணுல வச்சேனுங்க” என்று மட்டும் சொன்னார். நடுவர் அவர் பெயரை அடித்தார்.

அடுத்து என் முறை. மூன்றாவது ஆளோடு இருந்த இடைவெளிக்கு, விதி மீறாமல் முடித்தாலே எனக்குப் போதும். ஆனால் பின்னால் விசிலோடு நிற்க வேண்டியவர் அவர். “வேற ஆளப் போடட்டுமா?” என்று நடுவர் என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், “நானே நிக்கறேன்” என்று சவரிமுத்து விசிலை வாங்கிக்கொண்டார்.

என் முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு விடுவது கேட்டது. அதுவரை அவ்வளவு மெதுவாக நான் சுட்டதில்லை. ஒவ்வொரு முறை விரலை எடுக்கும்போதும், குழலைத் தாழ்த்தும்போதும் விசிலுக்காகக் காத்திருந்தேன். இரண்டு தகடு தவறியது. கடைசித் துப்பாக்கியைத் திறந்து காட்டினேன். அவர் குனிந்து, இரண்டு குழலுக்குள்ளும் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் பார்த்தார். “காலி. வைங்க” என்றார். விசிலை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

மெட்ராஸுக்கு நான் போகிறேன். கை தட்டினார்கள், சிலர்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். காதுக்குப் பஞ்சு நீங்களே கொண்டுபோங்கள்; அங்கே தருவது போதாது. தண்ணீர் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பெண்கள் ஒதுங்க இடம் இல்லை, அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டில் கேட்டால் விடுவார்கள். உங்கள் ஊரில் ஆயுத பூஜைக்குத் துப்பாக்கி வைக்கும் வழக்கமிருந்தால், தொடுவது, ஒற்றுவது எல்லாவற்றையும் அது மேசையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஜோடிக்காரரிடமும் காலையிலேயே இதைச் சொல்லிவையுங்கள். நான் பார்த்தும் சொல்லவில்லை. காலையில் அதைச் சொல்லத் தோன்றவே இல்லை.

திரும்புவதற்கு நாலே முக்கால் பஸ்ஸை விட்டால் ஏழுக்குத்தான். அதனால் எல்லோரும் அதே பஸ்ஸில்தான் வர வேண்டும். சவரிமுத்துவும் மனைவியும் முன்னால் உட்கார்ந்தார்கள். கழற்றிய துப்பாக்கி கோணிப்பையில் அவர் காலடியில் இருந்தது. நான் பின் இருக்கையில். எனக்குப் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வந்தது.

தர்மபுரியில் இறங்கியதும் சவரிமுத்து பாப்பாரப்பட்டி வண்டி நிற்கும் பக்கம் நடந்தார். ஆரோக்கியமேரி மட்டும் நின்று, நான் இறங்கும்வரை காத்திருந்தார்.

“நீங்க விசில் ஊதின நேரத்துல அந்தக் குழலு யாரப் பாத்துட்டு இருந்துச்சு?” என்றார்.

“உங்களத்தாங்கக்கா.”

அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முன்னால் போய்க்கொண்டிருந்த கணவரின் கையிலிருந்த கோணிப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் நடந்தார், நான்கு அடி தள்ளி.