பெரிய வெள்ளியன்று என் மனைவி பாடிய புலம்பல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்கில் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். கோவில் விஷயத்தைக் காகிதத்தில் வைத்தால் யாருக்காவது மனத்தாங்கல் வரும். அதோடு நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கடலைக்காட்டில் களை வெட்டத் தெரியும், வாக்கியம் கோக்கத் தெரியாது. என் மனைவியும், "நேர்ச்சைங்கறது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல இருக்கறது, அதைப் போயி எழுதுவாங்களா?" என்று தடுத்துக்கொண்டே இருந்தாள். இந்த வருஷம்தான் அவளே, "சரி, எழுதித் தொலைங்க" என்றாள்.

அது யுத்த காலம். அரூருக்குக் கரி பஸ் புகை கக்கிக்கொண்டு வந்துபோன காலம். ஐப்பசி மழையில் எங்கள் சின்ன மகளுக்கு விஷ ஜுரம் கண்டது. வைத்தியர் கையை விரித்துவிட்டார். அன்று என் மனைவி மாதா சுரூபத்தின் முன் முழங்காலில் விழுந்து நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிழைத்தால், வருகிற பெரிய வெள்ளிக்கிழமை புலம்பல் முழுவதையும் தானே பாடி முடிப்பதாக.

புலம்பல் என்பது எங்கள் கோவிலில் பெண்களுடைய பாட்டு. மரித்த ஆண்டவருடைய சுரூபத்தைக் கோவில் நடுவில் கிடத்தி, மகனைப் பறிகொடுத்த தேவமாதா அழுவதுபோல ஒருத்தி கண்ணி கண்ணியாகச் சொல்லுவாள். மற்றவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு கடைசி அடியைத் திருப்பிச் சொல்லுவார்கள். மதியம் தொடங்கினால் பொழுது சாயத்தான் முடியும். அதனால் தொண்டை கட்டியவள் அடுத்தவளிடம் விட்டுவிடுவது வழக்கம். யாரிடமும் விடாமல், ஒருசந்தி நோன்போடு, வாயில் தண்ணீர்கூடப் படாமல் முடிப்பேன் என்பது என் மனைவியின் நேர்ச்சை. பிள்ளை பிழைத்தாள். இனி பாட வேண்டியதுதான் பாக்கி.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் பிறக்கும்போது சேலத்திலிருந்து புதுப் பாட்டு வாத்தியார் ஒருவர் வந்து சேர்ந்தார். கூடவே ஒரு ஆர்மோனியப் பெட்டி. நல்ல ஞானமுள்ள மனிதர், அதை மறுக்கவில்லை. ஆனால் வந்த வாரமே வாலிபர்களைச் சேர்த்துக்கொண்டு பெரிய வெள்ளிக்குப் புதுப் பாட்டுகள் பழக்கத் தொடங்கினார். புலம்பல் இந்த வருஷம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

என் மனைவி நேரே கோவிலுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அம்மா, அது ஒப்பாரிங்க. சாவு வூட்டுல பாடறது. கோவிலுக்கு ஆகாதுங்க" என்றார் வாத்தியார்.

"பெரிய வெள்ளிக்குக் கோவிலு சாவு வூடுதானுங்களே?" என்றாள் இவள்.

வாத்தியார் மனம் மாறவில்லை. கடைசியில், "வேணும்னா முடிவுல அஞ்சு கண்ணி பாடிக்குங்க" என்றார்.

"அஞ்சு கண்ணிக்கா எம்புள்ளைய ஆண்டவரு திருப்பிக் குடுத்தாரு?"

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. வாலிபர்கள் புதுப் பாட்டை முணுமுணுத்தபடியே அரூர் சந்தைக்கு வந்தார்கள். வெற்றிலைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு என்னிடம், "ஏனுங்க, இது டாக்கீஸ் கொட்டாயில பாடறதாச்சே? இந்த இடத்துல படத்துல ஆடற அந்தம்மா இடுப்பை வெட்டி ஒரு திரும்பு திரும்பும் பாருங்க!" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஆண்டவர் சிலுவையில் தொங்குகிறார், மெட்டு இடுப்பை வெட்டுகிறது. வாத்தியாரிடம் சொன்னால், "மெட்டுல என்னங்க இருக்குது? வார்த்தை பக்தியா இருந்தாப் போதும்" என்கிறார். அப்படியானால் எங்கள் புலம்பலுக்கு மட்டும் மெட்டைப் பார்த்தா ஒப்பாரி என்று பெயர் வைத்தார்? இதை அங்கேயே கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் வெள்ளைக்காரர். தமிழை எழுத்து எழுத்தாகப் பேசுவார். "திருச்சபையின் சங்கீதம் லத்தீனில் இருக்கிறது. உங்கள் புலம்பலும் வாத்தியார் பாட்டும், இரண்டுமே சத்தம்" என்றார்.

"சத்தமாவே இருக்கட்டும் சாமி. நேர்ச்சை இருக்குதுங்களே?"

"பூசை முறை முடியட்டும். மதியத்துக்கு மேல் உங்கள் ஜெபம், உங்கள் விருப்பம். சண்டை மட்டும் வேண்டாம்."

சண்டை வேண்டாம் என்று அவர் சொல்லி முடிக்கும் முன்பே கீழத்தெருவில் அது தொடங்கிவிட்டது. பெரியவர்கள், "பெட்டி வாசப்படி தாண்டுனா நாங்க கோவிலுக்கே வரமாட்டோம்" என்றார்கள். அவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே வராதவர்கள்! என் மனைவியின் நேர்ச்சையைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு மேலத்தெரு வாலிபர்களோடு மல்லுக்கு நின்றார்கள். நேர்ந்தவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அடுப்படியில் கேழ்வரகுக் களியைக் கிண்டிக்கொண்டே, "எனக்கு ஒரு மதியம் குடுத்தாப் போதும். இவங்களுக்கு என்னதான் வேணுமாம்?" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

பெரிய வெள்ளி வந்தது. காலைச் சடங்குகள் முடிந்து சுரூபத்தை நடுவில் கிடத்தினார்கள். வாத்தியார் ஆர்மோனியத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். பெரிய வியாழன் பூசையில் மணி அடித்து ஓய்ந்தால், மறுபடி சனிக்கிழமை வரைக்கும் கோவிலில் மணியும் கிடையாது, வாத்தியமும் கிடையாது. மரக்கட்டையைத்தான் தட்டுவோம். வாத்தியாருக்கும் இது தெரியும். அது பூசைச் சடங்குக்கு மட்டும்தான், மதிய ஜெபத்துக்கு இல்லை என்று அவராக நினைத்துக்கொண்டார். சாமியார் உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தார்.

"இன்றைக்கு மணிக்கே வாய் இல்லை. இந்தப் பெட்டிக்கும் இல்லை" என்று சொல்லி, அதைப் பூசை உடுப்பு வைக்கிற சக்கிரீஸ்து அறையில் வைத்துப் பூட்டச் சொன்னார்.

வாலிபர்கள் பெட்டி இல்லாமலே தொடங்கினார்கள். பெட்டி சுதி எடுத்துக் கொடுத்தே பழகியவர்கள். ஒருத்தன் மேலே போனான், ஒருத்தன் கீழே போனான், இரண்டாவது அடியில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். கீழத்தெருப் பெரியவர் ஒருவர் ஆண்டவர் சுரூபத்துக்கு முன்னால் நின்றுகொண்டு கெக்கலி கொட்டிச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்து வெளியே தள்ளலாம்போல இருந்தது.

என் மனைவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு புலம்பலைத் தொடங்கினாள். கோவில் அடங்கியது. முதலில் குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பங்குனி வெயில், வெறும் வயிறு. பாதி தாண்டியதும் கரகரத்தது. கண்ணிக்குக் கண்ணி சுதி இறங்கிக்கொண்டே போனது. பின்பாட்டுப் பெண்கள், ஜெயித்துவிட்ட குஷியில், அவள் முடிக்கும் முன்பே கத்திக் கத்தி அடுத்த கண்ணிக்குத் தள்ளினார்கள். "எங்கிட்ட உடுங்கக்கா, நான் பாடறேன்" என்று ஒருத்தி தோளைத் தொட்டாள். இவள் தலையை ஆட்டி மறுத்தாள். அடுத்த கண்ணிக்கு வாய் திறந்தாள், காற்றுதான் வந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவியின் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. வார்த்தை இல்லை, வாய் மூடிய ஒரு நீண்ட ஓசை மட்டும். பாட்டு வாத்தியார். இறங்கிப்போன சுதியை, அவள் தொண்டைக்கு எட்டுகிற ஓர் இடத்தில் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். என் மனைவி அதில் சாய்ந்துகொண்டதுபோலக் குரலெடுத்தாள். பிறகு மெதுவாக, ஒரு கண்ணியும் விடாமல் பாடிக்கொண்டே போனாள். அவரும் மூச்சு வாங்கி வாங்கி விடாமல் பிடித்தார். வெளிச்சம் மங்கும் நேரத்தில் கடைசிக் கண்ணி முடிந்தது.

வாசலில் நன்றி சொல்லப் போனேன். அவர் எரிச்சலோடு, "சுதி அப்படி இறங்குனா எப்படிங்க காது குடுத்துக் கேக்கறது? தாங்க முடியலீங்க, அதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஊர் இவ்வளவோடு விடுமா? ஆண்டவரே பெட்டியை ஊமையாக்கினார், அதன் சுரக்கட்டை தானாகவே வெடித்தது என்று கீழத்தெரு சொல்லத் தொடங்கியது. வாத்தியார் பாடித்தான் புலம்பலே முடிந்தது, நேர்ச்சை செல்லாது என்று மேலத்தெரு. இந்தக் கடைசிப் பேச்சுதான் என் மனைவியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதெல்லாம் சாமியாரிடம் இதையே கேட்டாள். அவரும் ஒவ்வொரு தடவையும் நேர்ச்சை நிறைவேறியது என்றே சொன்னார். என்னிடம் அவள் சொன்னது இது: "பாடுனது நானு. அவரு சுதிதான் புடிச்சாரு. இது ஆண்டவருக்குத் தெரியும், இந்தச் சனங்களுக்குத்தான் தெரியல."

ஆகையால் இதைப் படிக்கிறவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். யாருக்காவது சொல்வதானால் நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். நடக்காத அற்புதத்தைச் சேர்க்காதீர்கள், வாத்தியாரை விட்டுவிடவும் செய்யாதீர்கள். ஒவ்வொரு கண்ணியையும் என் மனைவிதான் பாடினாள். அதில் ஒன்றைக்கூட அவளிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.