மாப்பிள்ளையைக் கடிக்கக் கூடாத கொசு

போன வாரம் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போய்விட்டு வந்தேன். வந்ததிலிருந்து ஒரே குழப்பம். உங்களுக்காவது புரிகிறதா பாருங்கள்.

என் மனைவியின் தம்பி முருகேசனுக்குக் கப்பலில் வேலை. அவனுக்கும் பந்தல்குடியில் டயர்க் கடை வைத்திருப்பவரின் மகள் செல்விக்கும் வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று முடிவாகியிருந்தது. ஊரே செல்வியின் அப்பாவை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். கப்பல் வந்துவிட்டது. ஆள் வரவில்லை! துறைமுகத்தில் தனி அறையில் வைத்துவிட்டார்கள் என்று போன் வந்தது. நானும் அண்ணாச்சியும் அலறியடித்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

போனால்... கொசுவலை அடித்த அறைக்குள் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் முருகேசன்.

“மாப்பிள்ளைக்குக் காய்ச்சலாம்மா?” என்று அங்கிருந்த டாக்டரம்மாவிடம் கேட்டார் அண்ணாச்சி.

“இல்லைங்க.”

“பெறகு எதுக்கு அடைச்சு வச்சிருக்கீக?”

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கப்பல் வழியில் ஆப்பிரிக்காவில் நின்றிருக்கிறது. அங்கே மஞ்சள் காய்ச்சல் உண்டு. முருகேசன் அதற்கான தடுப்பூசி போடவில்லை. கப்பலிலும் கொசு மருந்து அடிக்கவில்லை. அங்கிருந்து கூடவே வந்த கொசு கடித்திருந்தால்? அதனால் ஆறு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்களாம். ஆக, வெள்ளிக்கிழமை போச்சு.

“அந்தக் காய்ச்சல் நம்ம நாட்டுல இல்லைங்க. ஆனா அதைப் பரப்புற கொசு நம்ம வீட்டுலயே இருக்கு. அது இவரைக் கடிச்சுட்டு ஊருக்கே பரப்பிரக் கூடாது.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “தம்பி, கொசுகிட்ட இருந்து மாப்பிள்ளையைக் காப்பாத்துறாகளா... இல்ல, மாப்பிள்ளைகிட்ட இருந்து கொசுவைக் காப்பாத்துறாகளா?”

எனக்கு மட்டும் என்ன தெரியும்?

அம்மை கண்ட வீடென்றால் வாசலில் வேப்பிலை செருகுவோம். வெளியாள் படியேற மாட்டார். அண்ணாச்சிக்கு அந்த வழக்கம்தான் புரிந்தது. வெளியே போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்து அறைக் கதவில் செருகிவிட்டார் — டாக்டரம்மாவுக்குத் தம்மால் ஆன ஒத்தாசையாம்!

அங்கேதான் வினை. லோடு ஏற்ற வந்திருந்த பந்தல்குடி லாரி டிரைவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் அவருடைய லாரி ஊர் சேர்ந்துவிட்டது.

வாசலிலேயே பிடித்துக்கொண்டார் செல்வியின் தாயார். “மாப்பிள்ளைக்கு அம்மையாம்ல? நிச்சயம் நெருங்கையில இப்பிடியா? இந்தச் சம்பந்தமே வேண்டாம். வேற எடம் பாப்போம்.”

“அம்மை இல்லைங்க. ஒரு நோயும் இல்லை. ஆனா இருந்தாலும் இருக்கலாம்னு...” நான் விளக்க விளக்க முருகேசனின் நோய் முற்றிக்கொண்டே போனது. கூடியிருந்தவர்கள் ஓரடி தள்ளி நின்றார்கள். எனக்கே பயமாகிவிட்டது.

உள்ளேயிருந்து வந்த செல்வி கேட்டாள். “அண்ணே, அந்தக் கொசு எங்க முட்டை போடுமாம்?”

“நல்ல தண்ணியிலதானாம்மா. வீட்டுல பிடிச்சு வைக்கிற தண்ணியில.”

எங்கள் பக்கத்துத் தண்ணீர்ப் பஞ்சம் உங்களுக்குத் தெரியும். நிச்சயத்துக்கென்று டிரம், அண்டா, தொட்டி என்று முற்றம் முழுக்கப் பிடித்து வைத்திருந்தார்கள். செல்வி ஒரு செம்பில் மொண்டு வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே குட்டிக் குட்டிப் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

“வேட்டித் துணியில வடிகட்டினாப் போச்சு” என்றார் தாயார்.

செல்வி டிரம்மைப் பிடித்துச் சாய்த்தாள். முற்றமெல்லாம் தண்ணீர்.

“ஏ... ஏ... என்ன வேலை பாக்குறே!” அண்ணாச்சி ஓடி வந்தார்.

“அவுக வாரப்ப இங்க ஒரு கொசு இருக்கக் கூடாதுப்பா” என்றபடி அடுத்த டிரம்மில் கை வைத்தாள்.

எங்கள் ஊர்ப் பெண் டிரம் தண்ணீரைத் தரையில் கொட்டுகிறாள் என்றால், அதற்கு மேல் என்ன பேசுவது? நிச்சயத்தை அடுத்த முகூர்த்தத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றினார்கள் என்பது எனக்கு இன்னும் முழுசாக விளங்கவில்லை. முருகேசனை அந்தப் பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது — அது மட்டும் நன்றாக விளங்கிவிட்டது!